ஏழு நாள் ஞாபகம்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிறந்து மூன்றே நாளான குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாரிச்செல்வி பேர் ஆபீஸின் இரண்டாம் கவுண்டருக்கு வந்தாள். பிரசவ உடம்பு, நடை இன்னும் சரியாகவில்லை. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். ஒரு கையில் துண்டில் சுற்றிய பிள்ளை, மறு கையில் போன்.

"மேடம், எம்பிள்ளைய டயாலிசிஸுக்கு வரச் சொல்லுதாவ" என்றாள்.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஜெனோவா மச்சாது, பதினான்கு வருடமாக அந்த ஆபீஸில் கணக்கு நிர்வாகி. மனிதர்களின் கணக்கு. மாவட்டப் பெயர்ப் பதிவில் யார் புதிதாகச் சேர வேண்டும், யாரை நீக்க வேண்டும் என்பது அவள் வேலை. இந்தப் பதினான்கு வருடத்தில் அவள் எல்லாவிதமான குளறுபடியும் பார்த்தாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"டயாலிசிஸா?"

"ஆமா. பிள்ள நல்லாத்தான ஒண்ணுக்குப் போவுது! இன்னிக்குப் பதினோரு மணி முறையாம். நேத்து ஒரு மெசேஜு, உப்பளத்துல காலைல ஆறு மணிக்கு வேலைக்கு வரணும்னு. இவளுக்கு இன்னும் தல நிக்கல மேடம்."

ஜெனோவா சிரித்துவிட்டாள். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மாரிச்செல்விக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஜெனோவா குழந்தையின் எண்ணைத் தட்டினாள். 4417 என்று முடிகிற எண். செவ்வாய்க்கிழமை கொடுக்கப்பட்டது. இதற்கு முன் அந்த எண் யாரிடம் இருந்தது என்று பார்த்தாள். சொர்ணத்தாய், வயது ஐம்பத்து நான்கு, முள்ளக்காடு. போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நீக்கப்பட்டவர். நீக்கியவர், ஜெனோவா மச்சாது.

இறப்புச் சான்று இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

நடந்தது என்ன என்பது அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. அதை நமக்கும் புரியும்படி சொல்ல வேண்டுமானால், அந்த ஆபீஸின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மாவட்டத்துக்கு ஒதுக்கிய எண்கள் தீர்ந்து பல வருடம் ஆகிறது. அதனால் செத்தவரின் எண்ணைப் பிறந்த பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். இறந்தவர் பெயரில் இருப்பதையெல்லாம் வாரிசுகளுக்கு மாற்றிவிட்டு நீக்க வேண்டும் என்பதற்காகப் பதினாறு நாள் அவகாசம். காரியம் முடிகிற நாள் என்று யாரோ ஒரு புண்ணியவான் விதியில் எழுதி வைத்தான். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற வீடுகளும், முப்பதாம் நாள் பூசை வைக்கிற வீடுகளும் இந்த ஊரில் இருப்பது அவன் நினைவுக்கு வரவில்லை. பதினேழாம் நாள் இறந்தவரின் படம், குரல், போனில் இருந்த பேச்சு எல்லாம் போய்விடும். ஜனங்கள் கவுண்டரில் வந்து அழுதார்கள். அதனால் ஆபீஸில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டானது. அப்படிப்பட்ட பெயரை அன்றைய பட்டியலிலிருந்து கையால் எடுத்துவிடுவார்கள். ஆனால் தலை எண்ணிக்கை சரியாக இல்லையென்றால் மெஷின் பட்டியலை வாங்காது. எடுத்த இடத்தில் ஒரு சோதனைக் கணக்கின் எண்ணைப் போட்டு நிரப்புவார்கள். சோதனைக் கணக்கு என்பது ஆளில்லாத வெறும் எண். அதற்கு வீடு வாசல் கிடையாது, மாற்றிக் கொடுக்க எதுவும் கிடையாது. அந்தக் காலி இடத்தில் போடுகிற எண்ணை மெஷின் சான்றும் வாரிசும் கேட்காமல் நேரே நீக்கிவிடும்.

போன சனிக்கிழமை ஜெனோவா காதர் மொய்தீன் என்ற பெரியவரை எடுத்து வைத்தாள். அவர் மகள் வந்து, வாப்பாவின் குரலை நாற்பதாம் நாள் வரை கேட்டுக்கொள்கிறோம் என்று கும்பிட்டுக் கேட்டிருந்தாள். காலி இடத்தில் 4471 போட வேண்டும். மனப்பாடமான எண்தானே என்று பாராமல் தட்டினாள். கடைசி இரண்டும் இடம் மாறிப் போயின. 'உறுதியா?' என்று மெஷின் கேட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை அது கேட்கிற கேள்வி. ஆமாம் என்றாள்.

"மேடம், என்ன ஆச்சு? பிள்ளைக்கு ஏதாவதா?" என்று மாரிச்செல்வி கேட்டாள்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஜெனோவா.

*

மருத்துவமனைக்கு அவள் போனபோது பன்னிரண்டு ஆகியிருந்தது. சொர்ணத்தாய் டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு, உப்பில் வெடித்த பாதங்கள். கையில் இரண்டு குழாய், மெஷின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இந்த மெஷினுக்கு இன்னும் அவளை ஞாபகம் இருக்கிறது.

"பேர் ஆபீஸா?" சொர்ணத்தாய் முகம் மலர்ந்தாள். "நல்ல வேள, நீங்களே வந்துட்டீய. எனக்கு ரெண்டு நாளா வீட்டுக் கதவு திறக்க மாட்டேங்கு. பஸ்ஸும் ஏத்த மாட்டேங்கு. கங்காணி உன் பேரு வரலங்காரு. இங்க மட்டுந்தான் ஒழுங்கா இருக்கு. மெஷின் கோளாறா எம்மா?"

"மெஷின் கோளாறு இல்லக்கா. என் கோளாறு."

எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்த எதுவும் உதவவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

"கதவு உங்க முகத்தப் பாக்குது இல்லியா? முகத்த வச்சு அதுக்குப் பேரு தெரியும். பேர வச்சு எங்க ஆபீஸ்ல கேக்கும், இந்தப் பேருக்கு என்ன நம்பருன்னு. நாங்க நம்பரச் சொல்லுவோம். வீடு, வேல, வைத்தியம் எல்லாம் அந்த நம்பர்லதான் தொங்குது. இப்ப உங்க பேரக் கேட்டா அப்படி ஒரு ஆளே இல்லன்னு நாங்க சொல்லுதோம்."

"இங்க மட்டும் எப்படித் தெரியுது?"

"ஒவ்வொரு தடவையும் எங்களக் கேட்டா நேரமாகும்னு, எல்லா இடத்துலயும் ஒரு பெட்டி வச்சிருக்கு. ஒரு தடவ கேட்ட பதில அது கொஞ்ச நாள் ஞாபகம் வச்சுக்கும். பஸ்ல ஒரு நாள். வீட்டுக் கதவுல மூணு நாள். ஆஸ்பத்திரில ஏழு நாள். அது முடிஞ்சா திரும்பக் கேக்கும்."

"எப்ப முடியுது?"

"சனிக்கிழம காலைல பதினொண்ணு இருபது."

சொர்ணத்தாய் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் கலைச்செல்வி ஜெனோவாவை வெளியே அழைத்துப் போனாள்.

"அவங்க ரெண்டு கிட்னியும் சுத்தமாப் போச்சு. டயாலிசிஸ் இல்லன்னா பத்து நாளு. மிஞ்சிப் போனா பதினஞ்சு. மூணு வருஷமா பாக்கேன், ஒரு முறை தவறுனதில்ல. ஏதாவது செய்யுங்க மேடம்."

"அந்தப் பெட்டி வயரப் புடுங்கிட்டா?"

"புடுங்கினா புதுசா வர்ற கேஸு ஒண்ணுகூட உள்ள வர முடியாது. அப்படியே புடுங்கினாலும் அதுக்குள்ள இருக்க கடிகாரம் நிக்குமா?"

நிற்காது. அது ஜெனோவாவுக்கே தெரியும். கேட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான்.

*

அன்று மாலை மூன்று பெண்களும் ஒரு கைக்குழந்தையும் முள்ளக்காட்டில் சொர்ணத்தாயின் வீட்டு வாசலில் நின்றார்கள். மாற்றுச் சேலை எடுக்க வேண்டும், மாத்திரை உள்ளே இருக்கிறது. ஜெனோவா விஷயத்தைச் சொன்னதும் மாரிச்செல்வி ஆட்டோ பிடித்துக் கிளம்பி வந்திருந்தாள். வரமாட்டாள் என்றுதான் ஜெனோவா நினைத்திருந்தாள்.

சொர்ணத்தாய் கதவின் முன் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது. இருபது வருடமாக அவள் உப்பு வாரிக் கட்டிய வீடு.

மாரிச்செல்வி குழந்தையின் பின்தலையில் கையைக் கொடுத்துத் தூக்கிக் காட்டினாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது.

"வாங்க அக்கா" என்று மாரிச்செல்வி சொல்லிவிட்டு, யார் வீட்டுக்கு யாரை அழைக்கிறோம் என்று உறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சொர்ணத்தாய் உள்ளே போனதும் முதல் காரியமாகப் பிள்ளையைப் படுக்க வைக்கத் துணி விரித்தாள். பிறகு மாத்திரையைத் தேடினாள். ஜெனோவா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கேட்க வேண்டியதை அங்கிருந்தே கேட்டாள்.

"மாரிச்செல்வி, ஒரு வழிதான் இருக்கு. நம்பர உங்க பிள்ளகிட்ட இருந்து எடுத்து அக்காவுக்குத் திருப்பிக் குடுக்கணும். ஆனா நாங்க முறையா நம்பர எடுக்கணும்னா இறப்புச் சான்று கேக்கும். பேப்பர்ல மட்டும்."

"பேப்பர்ல மட்டும் என்னது?"

ஜெனோவா துணியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

மாரிச்செல்வி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். "பேப்பர்ல செத்தா என்ன ஆவும்னு இன்னா நிக்காவளே, கண்ணு முன்னாடி! இவ செத்துட்டான்னு எழுதிட்டா, நாளைக்கு இவளுக்குக் காய்ச்சல்னா எந்த ஆஸ்பத்திரி கதவு மேடம் திறக்கும்?"

"திரும்பச் சேக்கலாம், கொஞ்ச நாள்ல…"

"எத்தன நாள்ல? அத நீங்க சொல்லுங்க."

மாரிச்செல்வி அழ ஆரம்பித்தாள். குற்றம் எதுவும் செய்யாத அவள் குற்றவாளி போல அழுதாள்.

"எம்மா ஜெனோவா" என்று உள்ளிருந்து சொர்ணத்தாய் கூப்பிட்டாள். குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது. "பச்சப்பிள்ளயச் சாவடிச்சு எழுதாதீய. என் பேரச் சொல்லி அதச் செய்யாதீய. வேற வழி பாருங்க. இல்லன்னா சும்மா இருங்க."

*

வெள்ளிக்கிழமை காலை, கண்காணிப்பாளர் தர்மலிங்கத்தின் அறையில் ஜெனோவா எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். தர்மலிங்கம் நல்ல மனிதர், ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத மேல அனுப்பினா, நாப்பது நாள் வழக்கமும் சேந்து போயிரும். தெரியும்லா?"

"தெரியும் அண்ணாச்சி. அனுப்புங்க."

அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. உயிரோடு இருப்பவரைத் தவறாக நீக்கியதாக மனு என்றால், பாதிக்கப்பட்டவரே தம் எண்ணைக் குறிப்பிட்டு மனு செய்ய வேண்டும். விசாரணைக்குத் தொண்ணூறு நாள். சொர்ணத்தாயின் பழைய எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். மனுதாரர் பிறந்து நான்கு நாள்தான் ஆகிறது, மைனர் மனு செய்ய இயலாது என்று வந்தது. தலைமையகத்துக்குப் போன் போட்டார் தர்மலிங்கம். எடுத்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். அவனும் அதே திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"புது நம்பர் குடுப்போம்" என்றாள் ஜெனோவா. "செத்தவங்க யாரு நம்பராவது இன்னிக்குக் காலியாகும்லா?"

"புது நம்பரு பிறப்புக்கு மட்டுந்தான்."

"அப்ப பிறந்ததாப் போடுங்க."

தர்மலிங்கம் அவளையே பார்த்தார். "ஐம்பத்து நாலு வயசு பொம்பளய?"

"வயச யாரு கேக்கா? ஃபாரத்துல அந்தக் கட்டமே கிடையாது. பிறந்த தேதி இன்னைக்கின்னு தானா விழும்."

"தாய் நம்பர் கேக்குமே. அவுக ஆத்தா செத்து முப்பது வருஷமிருக்கும்."

"என் நம்பரப் போடுங்க."

ஜெனோவாவுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பண்ணிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. தர்மலிங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபாரத்தைத் தானே தட்டினார். குழந்தையின் பெயர், சொர்ணத்தாய். பால், பெண். தாய், ஜெனோவா மச்சாது. மாலை ஐந்து மணிக்கு எண் வந்தது. ஜெனோவா அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுத் தொட்டு மூன்று தடவை படித்தாள்.

அன்று சாயங்காலம் சொர்ணத்தாயைப் பஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. ஜெனோவாவுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. 'குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. துணைக்குப் பெரியவர் ஒருவர் ஏறவும்' என்று பஸ் இனிமையாகச் சொன்னது.

சொர்ணத்தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏறுட்டி, நீதான் பெரியவ" என்றாள். முதல் தடவையாக ஜெனோவாவை ஒருமையில் பேசினாள். உரிமையோடு பேசினாள்.

அந்தச் சந்தோஷம் மருத்துவமனை வாசல் வரைக்கும் இருந்தது. கலைச்செல்வி புதுப் பதிவைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"மேடம், நாளைக்கு இந்தப் பேரு வந்தா, பிறந்த குழந்தைன்னு வரும். எட மூணு கிலோன்னு தானா வச்சுக்கும். மூணு கிலோ உடம்புக்குப் பெரியவங்க மெஷின் ஓடாது. ஓட விடாது."

"நீ கையால ஓட்ட முடியாதா?"

"எங்கிட்ட சாவியே இல்ல மேடம். முன்னாடி இருந்துச்சு. ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர ஏத்திட்டாங்கன்னு வாங்கிட்டாங்க. சென்னைல மூணு டாக்டர் கையெழுத்துப் போடணும், அதுக்கும் பேஷண்ட் ரிக்கார்டு வேணும்." அவள் திரையைக் காட்டினாள். "ரிக்கார்டெல்லாம் அந்தப் பிள்ள நம்பர்ல கெடக்கு."

பிறகு கலைச்செல்விதான் மெதுவாகச் சொன்னாள். "ஒண்ணு செய்யலாம். மெஷின் ஆரம்பிக்கும்போது மட்டுந்தான் பேரு கேக்கும். நாளைக்குப் பதினொண்ணு இருபதுக்கு முன்னாடி ஏத்திட்டோம்னா, பழைய ஞாபகத்துலயே ஓடும். முடிஞ்சதும் 'முடி'ன்னு அமுக்காம 'தொடர்'னு அமுக்கினா, கேக்காது. அவங்க நாற்காலிய விட்டு எந்திரிக்காத வரைக்கும் கேக்காது."

ஜெனோவாவுக்கு அது தெரிந்த சமாச்சாரம். ஆபீஸில் ஒருவரின் கணக்கை நீக்கிவிட்டாலும், அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தால் உள்ளேயே இருக்கலாம். வெளியே போனால்தான் திரும்ப வர முடியாது. இதை எத்தனையோ பேருக்கு அவளே பாடம் நடத்தியிருக்கிறாள்.

*

சனிக்கிழமை பதினொன்று பன்னிரண்டுக்கு சொர்ணத்தாய் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. 'வணக்கம் சொர்ணத்தாய்' என்றது மெஷின். அதன் பிறகு வந்த எட்டு நிமிடத்தையும் ஜெனோவா சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே கழித்தாள். பதினொன்று இருபது ஆனது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றே காலுக்கு மெஷின் 'முடியா, தொடரா' என்று கேட்டது. கலைச்செல்வி 'தொடர்' அமுக்கினாள்.

மூன்றரைக்கு இன்பராஜ் வந்தார். அந்த நாற்காலியின் அடுத்த முறைக்காரர். கோவில்பட்டியிலிருந்து வருகிறவர், அறுபது வயது இருக்கும். கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. மற்ற பத்து நாற்காலியிலும் ஆள் இருந்தது, இன்னொரு மெஷின் பழுது. கலைச்செல்வி அவரிடம் மெல்லிய குரலில் விஷயத்தைச் சொன்னாள்.

"அவ்வொ இருக்கட்டும். நா நின்னுக்கிடுதேன்" என்றார் இன்பராஜ்.

அவர் சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான்கரை ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தாலும் முட்டியது. சொர்ணத்தாய் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும் தூங்கவில்லை. அந்த இழுப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது ஜெனோவாவுக்குத் தெரிந்தது. ஜெனோவாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். சீக்கிரம் வேறு நாற்காலி காலியாகட்டும் என்று வேண்டினாள். காலியானால் அதன் முறைக்காரர் வந்து நிற்பார் என்பதும் அவளுக்குத் தெரியும். யாருக்காக வேண்டினாலும் இன்னொருவர் வாசலில் நின்றார்.

ஆறு மணிக்கு சொர்ணத்தாய் கண்ணைத் திறந்தாள்.

"கலைச்செல்வி, குழாயக் கழத்து தாயி."

"அக்கா!" ஜெனோவா எழுந்துவிட்டாள். "எந்திரிக்காதீங்க. எந்திரிச்சா அவ்வளவுதான். நா வேற ஏதாவது பாக்கேன், திங்கக்கிழம சென்னைக்கே போறேன்…"

"போ. போயிட்டு வா. வேண்டாம்னா சொன்னேன்?" சொர்ணத்தாய் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். "அதுக்காவ நா இதுலயே வேரு விட்டு இருக்கவா? அந்த மனுசன் மூச்சு விடுததப் பாரு. எனக்கும் அப்படித்தான வரும். தெரிஞ்சுகிட்டே எப்படிட்டி இருக்கச் சொல்லுத?"

கலைச்செல்வி ஜெனோவாவைப் பார்த்தாள். இருங்கள் என்று சொல்ல ஜெனோவாவுக்கு ஆசை. இன்பராஜின் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. கடைசியில் கலைச்செல்வி அழுதுகொண்டே ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். 'முடி' என்று அமுக்கினாள்.

சொர்ணத்தாய் எழுந்தாள். மெஷின் சிறிது நேரம் யோசித்தது. பிறகு அதன் திரையிலிருந்து அவள் பெயர் போயிற்று.

இன்பராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பேச மூச்சில்லை. "போய் உக்காருங்க அண்ணாச்சி, நாழி ஆச்சு" என்று அவள் அவரைத் தாங்கி அமர்த்தினாள்.

வராந்தாவில் பெஞ்சு ஒன்று இருந்தது. சொர்ணத்தாயும் ஜெனோவாவும் அதில் உட்கார்ந்தார்கள். ஜெனோவாவின் போன் ஒலித்தது. சென்னையிலிருந்து ஏதாவது வந்திருக்குமோ என்று அவசரமாக எடுத்தாள். படித்துவிட்டு மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன வந்திருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"பேரு வந்திருந்துச்சு, பாத்தேன். எம்பேரு எனக்கு வாசிக்கத் தெரியும். சொல்லு."

ஜெனோவா போனைத் திருப்பி வாசித்தாள். "'அன்புள்ள தாய்க்கு. உங்கள் மகள் சொர்ணத்தாய்க்கு ஆறாவது வாரத் தடுப்பூசி. ஆறாவது வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. மறவாமல் அழைத்து வரவும்.'"

சொர்ணத்தாய் விரலை மடக்கி வாரங்களை எண்ணினாள். இரண்டாவது விரலிலேயே நிறுத்திக்கொண்டு, மீதி விரல்களைப் பார்த்தாள். பிறகு ஜெனோவாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள்.